தேங்காய் எண்ணெய் உருகும் வரை

எனக்குக் குளிர் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. நீலகிரி மலை மஞ்சூரில் பிறந்தவள் நான். உறைபனி படிந்த புல்லை மிதித்துக்கொண்டு காலை பஸ்ஸுக்கு ஓடியவள். கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருடமும் வியர்த்தே பாதியாகிப் போனேன். கல்யாணமாகிக் குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு வந்த முதல் வாரத்தில், ராணுவ ஸ்டோரில் சிவிலியன் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்தார். எனக்கு எதற்கு இது, வேண்டுமானால் நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் போர்த்திக்கொண்டார். அவர் ஈரோட்டுக்காரர்.

இந்தப் பெருமைதான் பிறகு என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில், பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை மாற்றிக் கட்டிய சின்ன ஆய்வுக்கூடம் அது. உயரமான கூரை, ஆளுயர ஜன்னல்கள், கால் வைத்தால் முனகும் பலகைத் தரை. அங்கே எனக்குக் கிடைத்த வேலை, எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுப்பது. சொந்தக்காரர்கள் விசாரிக்கும்போது இதை இப்படியே சொல்வேன். கேட்டவர்கள் காபி டம்ளரை எடுத்துக்கொள்வார்கள். பிறகு யாராவது ஒரு சித்தி, "ஏன் கண்ணு, பேங்க் பரீட்சை ஏதாச்சும் எழுதிப் பாக்கலாமில்ல?" என்று கேட்பார்.

எனக்கோ அந்த அணுக்களின் மேல் பைத்தியம். காலில் முள் குத்தினால் முதலில் ஓடி வருவது இவைதான். மற்ற அணுக்கள் யோசித்து, ஆள் சேர்த்து, நாலைந்து நாள் கழித்து வரும். இவை கேள்வி கேட்காமல் ஓடி வந்து, கிருமியை விழுங்கிவிட்டு, அங்கேயே விழுந்து சாகும். சீழ் என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பங்கு செத்துப்போன இவைதான். மஜ்ஜையை விட்டு எடுத்தால் அன்று சாயங்காலம் வரை தாங்குவதே பெரிய காரியம். மற்ற அணுக்களைப் போல உறைய வைத்துச் சேர்த்து வைக்கவும் முடியாது. முன்பின் யோசிக்காமல் பாய்ந்துவிட்டுப் பிறகு அவஸ்தைப்படுகிற குணம் எனக்கும் கொஞ்சம் உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறதாம்.

எங்கள் மேடம் திருநெல்வேலிக்காரர். இந்த அணுக்கள் எதைத் தேடி ஓடுகின்றன, எது தடுத்தால் நிற்கின்றன என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, காதைச் சுற்றி மப்ளர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். அவர் அறையில் ரூம் ஹீட்டர் ஓயாமல் எரியும். நான் வெறும் பருத்திச் சுடிதாரோடு எதிரே போய் நின்று, இன்றைக்கு வெயில் கொஞ்சம் அதிகம் இல்லையா மேடம் என்று வேண்டுமென்றே கேட்பேன். மப்ளருக்குள்ளிருந்து முறைப்பார். என் கிண்டலை அவர் ரசிக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டு, பிறகுதான் உறுதி செய்வது என்று பேச்சு. பொங்கல் வரை கெடு. நான் சரிப்பட்டு வராவிட்டால், நேர்காணலில் எனக்கு அடுத்து வந்த கோயம்புத்தூர்ப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். படித்த படிப்புக்கு இந்த மலையில் எனக்கு வேறு வேலை கிடையாது. பெங்களூர் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும், இல்லாவிட்டால் சித்தி சொன்ன பேங்க் பரீட்சை. இரண்டுமே எனக்கு ஆகாது. அந்த அணுக்களைப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனசில்லை.

பங்களாவுக்குப் பின்னால் எலிகளின் வீடு. வளாகத்திலேயே வசதியான இடம் அதுதான். எலிகளுக்குக் குளிரக்கூடாது என்று விதி இருக்கிறது, மனிதர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் முதலில் அவற்றுக்குத்தான் ஓடும். எல்லாம் கறுப்பு எலிகள். பல தலைமுறையாக ஒரே வம்சத்துக்குள் பெருக்கியவை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை என்று புத்தகம் சொல்லும். அவற்றைப் பராமரிக்கும் அண்ணன் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். இது சாது, இது சாப்பாட்டு ராமன், இது சண்டைக்காரி என்று கூண்டு கூண்டாக எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். பரிசோதனைக்கு எலி வேண்டுமென்றால் அவர்தான் எடுத்துத் தருவார். விதிப்படி வாயுவைச் செலுத்தி, எலி மயங்கி உயிர் அடங்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மேடம்கூட அதை மீறியதில்லை.

அதன் பிறகு என் வேலை தொடங்கும். தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் எடுத்து, சதையைச் சுத்தமாக வழித்து, இரண்டு முனைகளையும் நறுக்க வேண்டும். மெல்லிய ஊசியைச் சொருகி உப்புநீரைப் பீய்ச்சினால் மஜ்ஜை சிவப்பு நூல் மாதிரி வெளியே வரும். எலும்பு வெளுத்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து சோதனைக் குழாயில் அடர்த்தி கூடிய திரவத்தை அடியிலும், குறைந்ததை அதன் மேலும், அதற்கும் மேலே மஜ்ஜை அணுக்களையும் ஒன்றோடொன்று கலக்காமல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் அரை மணி சுழற்றினால், ஒவ்வொரு வகை அணுவும் தன் அடர்த்திக்கு ஏற்ற இடத்தில் போய் நிற்கும். சுழற்சி தானாக ஓய வேண்டும். பிரேக் போட்டால் அடுக்கு கலைந்துவிடும். மலையிறங்கும் காட் ரோட்டில் பிரேக்கை நம்பாமல் கியரிலேயே வண்டியை இறக்குகிற மாதிரிதான். எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு திரவங்களுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அதுதான் நியூட்ரோபில்.

முதல் நாள் மேடம் தன் அறையிலேயே, அங்கிருந்த சின்ன சென்ட்ரிஃப்யூஜில் எனக்குச் செய்துகாட்டினார். கோடு பளிச்சென்று விழுந்தது. அந்த அணுக்களுக்குச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எலியின் நியூட்ரோபிலில் உட்கரு வளையமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். தட்டு நிறைய உளுந்து வடை என்றேன். மேடம் சிரித்தார். வடைக்கு நடுவே உருண்டையாக எதாவது தெரிந்தால் அது வேறு அணு, அது அதிகம் இருக்கக்கூடாது என்றார். அதற்கு நான் போண்டா என்று பெயர் வைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்காரவே தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளிலிருந்து பெரிய கூடத்தில் எனக்குத் தனி மேஜை, தனி சென்ட்ரிஃப்யூஜ். கோடு வரவில்லை.

கோடு இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனி மாதிரி ஒரு மங்கல். எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கப் போண்டா, ஓரத்தில் ஒன்றிரண்டு வடை. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை கொஞ்சம் பரவாயில்லை என்று நினைப்பதற்குள் மறுபடி போண்டா. திரவத்தைக் குறை சொன்னேன், ஊசியைக் குறை சொன்னேன், சென்ட்ரிஃப்யூஜை அதன் முகத்துக்கு நேராகவே திட்டினேன். மேடம் ஒரு நாள் முழுக்க என் பின்னால் நின்று கையையே பார்த்தார். ஒரு தப்பும் கண்டுபிடிக்கவில்லை. கை இன்னும் பழகவில்லை போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மேடம் சென்னையில் படித்த காலத்தில் தன் கையால் எழுதிய செய்முறைத் தாள், என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு வரி விடாமல் அதன்படியே செய்தேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து திரவத்தை எடுத்து அரை மணி நேரம் மேஜை மேல் வைக்கவும் என்று இருந்தால், கடிகாரத்தைப் பார்த்து அரை மணி வைத்தேன். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூடத்தில் ஒரு தெர்மாமீட்டர்கூட மாட்டியிருந்தது. அதை நாங்கள் பயன்படுத்தியது, மேடம் அதைப் பார்த்துப் புலம்புவதற்கும் நான் அதைப் பார்த்துச் சிரிப்பதற்கும் மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகமாகக் குத்தியது அண்ணன்தான். ஒவ்வொரு நாளும் எலியைத் தந்துவிட்டு, மத்தியானம் கூடத்து வாசலில் வந்து நிற்பார். "இன்னைக்காச்சும் கெடைச்சுதுங்களா அம்மிணி?" என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். திரும்பிப் போவார். ஒரு நாள் ஆறுதலாக, கைராசி சிலருக்கு உடனே அமையாது என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் எலியை அறுக்கும் டிஸ்ஸெக்ஷன் தட்டைத் தேய்த்த தேய்ப்பில் அதன் பூச்சே உதிர்ந்தது. அவர் மேல் என்ன தப்பு? பெயர் வைக்காத குறையாக வளர்த்த உயிரைக் கொடுக்கிறார், நான் அதைச் சாக்கடையில் ஊற்றுகிறேன். அதன்பின் மத்தியானங்களில் அவர் கண்ணில் படாமல், பங்களாவின் பழைய சமையலறைப் பக்கமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

பொங்கல் நெருங்கியது. மேடத்தின் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. எதிரே நின்று தலைகீழாகப் படித்தேன். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

போகிக்கு முந்தின நாள்தான் விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாள். அன்று காலை தலை வார உட்கார்ந்தால், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கிறது. எங்கள் ஊரில் அது ஒன்றும் புதிதில்லை. யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவர்கள் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டும். பல் தேய்த்து காபி குடிப்பதற்குள் உருகிவிடும். அன்று முதலில் எழுந்தவர் என் வீட்டுக்காரர். பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்திருக்கிறார். ஏற்கெனவே கடுப்பில் இருந்த எனக்கு இது போதாதா?

அரை மணிக்கு முன்னாலேயே எடுத்து வைத்தேனே, இன்னுமா உருகவில்லை என்றார் அவர், சால்வைக்குள்ளிருந்து.

"மேஜை மேல வெச்சா எப்படிங்க உருகும்? அரை மணி இல்லீங்க, அரை நாள் வெச்சாலும் உருகாது. இது என்ன ஈரோடா?"

சொல்லி முடித்ததும் சீப்பு தலைமுடியிலேயே நின்றுவிட்டது. நான் சொன்னது என் காதிலேயே திரும்ப விழுந்தது. மேஜை மேல் அரை மணி. சுவரில் ஒட்டிய தாள். சென்னையில் எழுதியது. சென்னையில் எதை எடுத்து மேஜை மேல் வைத்தாலும் அரை மணியில் வெதுவெதுப்பாகிவிடும். இங்கே, ஜனவரி மாதத்தில், அந்தப் பெரிய கூடத்தில், குளிர்பதனப் பெட்டிக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் நாள் கோடு விழுந்தது, ஹீட்டர் எரியும் மேடம் அறையில். திரவம் சில்லென்று இருந்தால் அடர்த்தி கூடிவிடும். கீழே இறங்க வேண்டிய நியூட்ரோபில் இறங்க முடியாமல் போண்டாக்களோடு மேலேயே மாட்டிக்கொள்ளும். எம்.எஸ்ஸி.யில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். தினமும் காலையில் எண்ணெயை அடுப்போரம் வைக்கத் தெரிந்தவளுக்கு, பஸ் ஏறி ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் அது தெரியாமல் போய்விட்டது. எனக்குத்தான் குளிராதே.

பாதி வாரிய தலையோடு என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டேன். திட்டு வாங்கிய அடுத்த நிமிடம் இது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து விளக்கிச் சொன்ன பிறகும் புரிந்ததாகத் தெரியவில்லை, ஆனால் தன்னால்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது என்ற பெருமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். தலையைப் பார்த்து ஏதோ விபரீதம் என்று நினைத்திருக்க வேண்டும். மேடம் அறைக்குள் போய், எண்ணெய் பாட்டிலையும் என் மேஜையில் அரை மணி இருந்த திரவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தொட்டுப் பாருங்கள் என்றேன். மப்ளரைத் தளர்த்திக்கொண்டு இரண்டையும் தொட்டார். தெர்மாமீட்டரை எடுத்துவந்து திரவத்தில் விட்டார். நீலக் கோடு பன்னிரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. இருக்க வேண்டியது இருபத்தைந்து. சுவரில் இருந்த தாளைப் போய்ப் பார்த்தார். அது அவர் கையெழுத்து. திரும்பி வந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மூணு மாசமா குளிருது குளிருதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்," என்றார் கடைசியில். "நீதானம்மா குளிரலைன்னு சொன்னே."

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. சால்வை நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. இரண்டு பேருமாக ரூம் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனோம். தன் ஹீட்டரைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டு மேடம் அங்கே நடுங்கிக்கொண்டு நின்றதை நான் மறக்கமாட்டேன். ஜன்னல்களைச் சாத்தினோம். திரவம், குழாய், சென்ட்ரிஃப்யூஜின் உள்பக்கம் எல்லாவற்றையும் ஹீட்டருக்கு எதிரே குளிர்காய வைத்தோம். எண்ணெய் பாட்டிலையும் அங்கேயே வைத்தேன். தேங்காய் எண்ணெய் உருகும் சூடும் எங்களுக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய ஒன்று.

பிறகு எலிக்காக அண்ணனிடம் போக வேண்டியிருந்தது. பல நாளாக மத்தியானங்களில் ஒளிந்து திரிந்தவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். இன்று ஒன்றே ஒன்று போதும் என்றேன். கூண்டு அடுக்கின் மூன்றாவது தட்டில் ஓரத்துக் கூண்டைத் திறந்தார். கையுறையைக் கடித்துக் கடித்தே ஓட்டை போடுகிற சேட்டைக்காரன் என்று சொல்லி, அதன் முதுகை ஒரு விரலால் தடவினார். அது அப்போதும் விரலைக் கடித்தது. அது மயங்கி அடங்கும் வரை இருவரும் பேசாமல் நின்றோம்.

எலும்பு வெளுக்கும் வரை மஜ்ஜையைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், பாட்டிலில் எண்ணெய் தெளிந்து தண்ணீராக நிற்கிறது. அடுக்கினேன், சுழற்றினேன். சென்ட்ரிஃப்யூஜ் தானாக ஓய்ந்து நிற்கிற வரை நானும் மேடமும் அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். திறந்தேன். கோடு. மெல்லியதாக, வெள்ளையாக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல.

சாயம் போட்ட கண்ணாடித் துண்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வடை. ஒரு போண்டாவைக் கண்டுபிடிக்க மேடத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் தன் அறைக்குப் போய், பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்து வந்தார். அதைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் எழுதினார்: திரவத்தை எடுத்து, எண்ணெய் உருகும் வரை காத்திருக்கவும். சுவரில் இருந்த பழைய தாளைக் கிழித்துவிட்டு அதை ஒட்டினார். பொங்கல் முடிந்ததும் லீவைக் கீவை நீட்டாமல் சீக்கிரம் வந்து சேர் என்றார். எனக்கு வேலை உறுதியானது அப்படித்தான். அந்தக் கடிதம் இன்றும் என் மேஜைக்கு மேலே இருக்கிறது. முன்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது.

மீதி அணுக்கள் உயிரோடு இருந்தன. மைக்ராஸ்கோப்பின் சூட்டுத் தட்டில் வைத்து, ஒரு பக்கம் கிருமியின் வாசனை அடிக்கும் ரசாயனம் ஒரு துளி விட்டோம். சிறிது நேரத்தில் அவை அசைய ஆரம்பித்தன. உருண்டையாகக் கிடந்தவை நீண்டு, வளைந்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்தன. அப்போதுதான் அண்ணனின் நினைவு வந்தது. ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். இத்தனை வருடம் அந்த வளாகத்தில் வேலை பார்த்தவர், ஒரு முறைகூட அந்தக் கண்ணாடிக்குள் பார்த்ததில்லை. யாரும் கூப்பிட்டதில்லை. நானும்தான்.

கைகளைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். குமிழை மெதுவாகத் திருகிக் கொடுத்தேன். அப்புறம் அவர் நிமிரவே இல்லை. மேடமும் நானும் பேசாமல் நின்றோம். அவர் போட்ட சட்டம் இங்கேயும் செல்லும் என்று எங்களுக்கு ஏனோ தோன்றியது. சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

"மூணாவது தட்டு, ஓரத்துக் கூண்டுதானுங்களே இது?" என்று கேட்டார், கண்ணை எடுக்காமல்.

ஆமாம் என்றேன்.

"அதான பாத்தேன். ஒரு எடத்துல நிக்குதா பாருங்க அம்மிணி."